குண்டூசி விழுந்தால் கேட்கும்

எங்கள் பள்ளியில் என் வகுப்புக்கு ஒரு பேர் உண்டு. குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். பக்கத்து அறை டீச்சர் லீவு போட்ட அன்று கூச்சல் கூரையைப் பிய்க்கும். தலைமையாசிரியை என் அறையைக் கைகாட்டி, "அங்கயும் இதே வயசுப் பிள்ளைங்கதான இருக்கு?" என்று மற்றவர்களைக் கேட்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். சர்வீஸில் பெரும்பகுதி, அந்த அமைதிதான் நல்ல வகுப்புக்கு அடையாளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பேசவில்லை, ஆகவே கவனிக்கிறார்கள். கவனிக்கிறார்கள், ஆகவே புரிகிறது. புரியாவிட்டால் அது அவர்கள் தலையெழுத்து. கணக்கு டீச்சருக்கு இருக்கக்கூடாத தர்க்கம்தான். இருந்தது.

அடித்துத் துவைத்தவள் என்று நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அதன் முதல் பாதி எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிரம்பைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டு, "இனிமே இதுகள எப்படி மேய்க்கிறது?" என்று அங்கலாய்த்துக்கொண்டோம். நான் மேய்த்துவிட்டேன். பிரம்பே இல்லாமல் மேய்த்தேன் என்பதில் எனக்குத் தனிக் கர்வம் வேறு.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கூடம். வெயில் கடுமை என்று ஜூனில் பள்ளி திறப்பதைத் தள்ளிப்போடுகிறார்களே, 2023இல்கூட ஜூன் 12 வரை தள்ளினார்களே, எங்கள் ஊருக்கு அது போதாது. செப்டம்பரிலும் மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் மண்டை காயும். ஃபேன் இரண்டு, அதில் ஓடுவது ஒன்று. ஓடுகிற ஃபேன் என் மேஜைக்கு நேர் மேலே. யாரும் சதி செய்து அப்படி வைக்கவில்லை. ஆனால் ரிப்பேர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "ஒரு ஃபேனுக்குத்தான் சாமான் இருக்கு, எதப் பாக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டபோது தலைக்கு மேலே விரலைக் காட்டியது நான்தான். யோசிக்கக்கூட இல்லை.

கரும்பலகை, சுவரிலேயே சிமெண்ட் பூசி எடுத்தது. நான் படித்த காலத்தில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பிள்ளைகளே பலகைக்குப் பூசுவோம். கன்னங்கரேல் என்று இருக்கும், பளபளப்பே இருக்காது, எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் எழுத்து தெரியும். நான் டீச்சராக இருந்த பள்ளியில் எனாமல் பெயிண்ட். பார்க்க லட்சணமாக இருக்கும். மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் பலகையில் பாதி, விளக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி கண்ணுக்கே எட்டாது. பலகையை ஒட்டி நிற்கிறவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

தெரிந்தது ஒரு பி.எட். மாணவியால். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பெண்களிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்துவதுதான் எங்கள் வழக்கம். நாங்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்ததாக அவர்கள் நோட்டில் கையெழுத்து மட்டும் விழும். அன்றைக்கு அவர்கள் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வருவதாக இருந்ததால், வேறு வழியில்லாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்பு, பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்தும் பாடம்.

சாய்மானம் இல்லாத பெஞ்ச். கால் நீட்ட இடமில்லை. முன் டெஸ்க்கின் ஆணி ஒன்று முழங்காலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரோ துணி சுற்றி, துணி மேல் நூல் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த நூல் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்தால் பல செட் பிள்ளைகள் அதைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். ஷீட்டிலிருந்து அனல் இறங்கியது. பின் ஜன்னல் வழியாகக் கழிப்பறை வாடை. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் ஒவ்வொரு பஸ்ஸும் ஏர் ஹாரனை அடித்துவிட்டுத்தான் திரும்பியது. அந்தப் பெண் நன்றாகத்தான் நடத்தினாள், குரலும் கணீரென்றுதான் இருந்தது. இருந்தும் என் காதுக்கு வந்தது துண்டு துண்டாகத்தான். "ஆகவே இந்த உறுப்பை..." ஹாரன். "...வெளியே எடுத்தால்..." ஹாரன். கால் மணி நேரத்தில் எனக்குக் கண் செருகியது. என் வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்பி நிற்கவைப்பவள் நான்.

பலகையில் எக்ஸ் தலைமேல் இருப்பது இரண்டா மூன்றா என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஓரம் தெரியாது டீச்சர். அவ நோட்ட விரிச்சு வச்சிருக்கா பாருங்க, அதப் பாத்து எழுதிக்கிடலாம்."

காட்டினாள். இரண்டு பெஞ்ச் முன்னால், நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்தி நோட்டை டெஸ்க்கின் ஓரத்துக்குத் தள்ளி, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியும்படி சாய்த்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருப்பவள் அதைப் பார்த்து எழுதினாள். அவள் நோட்டை இவள் பார்த்தாள். கடைசி பெஞ்ச் வரை அஞ்சல் மாதிரி ஓர் ஏற்பாடு. பழுது பார்க்காத பலகைக்குப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த வைத்தியம். இதற்கு நான் வைத்திருந்த பெயர் காப்பி அடிப்பது. நோட்டைச் சாய்த்துக் காட்டியதற்காகவே ஒரு பிள்ளையை ஒரு பீரியட் முழுக்க வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். "ஊருக்கு உழைக்க வந்தியாக்கும்?" என்று கேட்டுச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், அப்படிச் சிரிக்காவிட்டால் இன்னும் ஒரு பேச்சு கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று இரவு விடைத்தாள் கட்டை எடுத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் பிள்ளைகளின் தாள்களைத் தனியாகப் பிரித்தேன். குறிப் பிழை, அடுக்குப் பிழை, மறுபடியும் குறிப் பிழை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "கவனம் எங்கே?" வருஷக்கணக்காக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். வழிமுறை சரியாகத்தான் இருந்தது. பலகையிலிருந்து இறங்கும்போதே கணக்கு வேறாக இறங்கியிருந்தது.

அந்த ஓரத்தில் யாரை உட்காரவைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்க் குறைந்தவர்களை. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மார்க்படி இடம் மாற்றுவது என் வழக்கம். முதல் பெஞ்சுக்கு சென்டம் பெஞ்ச் என்று பெயர். நடுவில் ஜஸ்ட் பாஸ். கடைசிக்கு "கடவுள் விட்ட வழி". நானே வைத்த பெயர்கள், நல்ல நகைச்சுவை என்று நினைத்து வைத்தவை. 2017இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசாங்கம் நிறுத்தியது. பிள்ளைகளுக்குள் தேவையில்லாத அழுத்தம் வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன், வகுப்புக்கு வந்து மார்க்படி உட்காரவைத்தேன். எந்தப் பிள்ளை எத்தனையாவது என்று ரேங்க் கார்டு பார்க்க வேண்டியதே இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். பலகை நன்றாகத் தெரிகிற, குரல் நன்றாகக் கேட்கிற, ஃபேன் காற்று கொஞ்சமாவது எட்டுகிற இடம் நன்றாகப் படிக்கிறவளுக்கு. எதுவும் எட்டாத இடம் படிக்க வராதவளுக்கு. அடுத்த தேர்வில் அவள் இன்னும் இறங்கினால், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பேன்.

மகள் அப்போது எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியரின் கேள்வியும் பார்வையும் பதிலும் வகுப்பின் முன்வரிசையையும் நடு நீளத்தையும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டு பின்மூலைகளும் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எல்லாரையும்தான் கேட்கிறேன் என்றேன். "எழுதிப் பாருங்களேம்மா" என்றாள் மகள்.

வகுப்பு லீடரிடம் இருக்கைப் படம் ஒன்றைக் கொடுத்து, நான் யாரைக் கேள்வி கேட்டாலும் அங்கே ஒரு டிக் போடச் சொன்னேன். வார முடிவில் அவள் கொண்டுவந்து கொடுத்த தாளில் முன்னால் இரண்டு பெஞ்சும் நடு வரிசையும் டிக்கால் அடைந்து கிடந்தன. பின்மூலையில் ஒரே ஒரு டிக். எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இது எந்தக் கேள்வி என்று கேட்டேன். லீடர் தயங்கினாள். "'அங்க என்ன பேச்சு'ன்னு கேட்டீங்க டீச்சர். அதப் போடணுமா வேண்டாமான்னு தெரியல."

அதே புத்தகக் கட்டில் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ஆய்வும் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று 1970களில் அளந்து சொன்னவர். அதை மூன்று விநாடிக்கு மேலே நீட்டினால் பதில் நீளமாகிறது, தெரியாது என்று உட்காருகிறவர்கள் குறைகிறார்கள், வழக்கமாக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுகிறார்கள் என்கிறார். என்னைப் பற்றி ஒரு விநாடி என்று சொன்னால்கூட தாராளம். கேள்வி வாயிலிருந்து விழுந்து முடிவதற்குள் "நெக்ஸ்ட்" சொல்லிவிடுவேன். அது ஒரு சுறுசுறுப்பு என்று எண்ணம். கணக்கில் ஒரு பிள்ளை கண்ணை மேலே உருட்டி யோசிப்பதற்கே இரண்டு விநாடி ஆகும். பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கும் இடத்தில் நான் அவர்களை உட்காரவைத்தேன். பின்னால் மூன்று விநாடி காத்துப் பார்த்தபோது தெரிந்தது, வகுப்பு முன்னால் நிற்பவளுக்கு அது எவ்வளவு நீளமான நேரம் என்று. நாக்கு துறுதுறுக்கும். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பேன்.

சத்தத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: பஸ் ஹாரனைவிட உரக்கக் கத்துவது. சத்தம் பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் ரயில் மேம்பாலத்தை ஒட்டி ஒரு பள்ளி. ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள், மறுபக்கம் அமைதியான வகுப்புகளில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்குகிறார்கள், ஆறாம் வகுப்பு வரும்போது ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு அளவுக்கு என்று ஆர்லின் பிரான்ஸாஃப்ட் 1975இல் காட்டினார். தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தை வைத்து, வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்த பிறகு பார்த்தால் வித்தியாசம் காணாமல் போயிருந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள் மாதிரிதான், பாடமும் அதேதான். பஸ் ஸ்டாண்டை என்னால் நகர்த்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாரன் அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்று, அடங்கியதும் சொன்னதை மறுபடி சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை. நான் கத்தியது பஸ்ஸுக்காக. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, டீச்சர் நாள் முழுக்க நம்மிடம் கோபமாக இருக்கிறார் என்றுதான் பட்டிருக்கும்.

நோட்டைச் சாய்த்துக் காட்டிய ஒருத்திக்கு நான் செய்த அநியாயம் தனி, ஒரு தலைமுறைக்கே செய்தது தனி. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரைக்கும் வந்தது. பாய் விரித்துத் தரையில் வட்டமாக உட்காருவார்கள், டீச்சரும் கீழே. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொருத்தருக்கும் அதில் ஓர் இடம். அட்டையை எடுத்து அவரவர் வேகத்தில் ஏணிப்படியாக ஏறலாம். அதில் குறைகள் இருந்தன, அட்டை மட்டும் நகர்ந்து படிப்பு நகராத பள்ளிகளும் இருந்தன. ஆனால் நான் குறை சொன்னது அதற்காக இல்லை. டீச்சர் தரையில் உட்காருவதா என்பதற்காக. "பாய் போட்டுப் படுக்கவைக்கிறாங்க" என்று ஸ்டாஃப் ரூமில் நக்கல் அடிப்பேன். பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர் ஒருத்தர் என் வயதுதான், மூட்டு வலியோடு கீழே உட்கார்ந்து எழுந்தார். அவர் முகத்துக்கு நேராகவே, "என்ன டீச்சர், இன்னிக்கும் பந்தியா?" என்று கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்னிடம் வந்தார்கள். வித்தியாசமாகத்தான் இருந்தார்கள். கேட்காமலே பேசினார்கள். "இப்படிச் செய்யக்கூடாதா டீச்சர்?" என்றார்கள். எழுந்துவந்து பலகையில் கைவைத்தார்கள், அவர்களுக்குப் பலகை என்பது தங்களுடையதும்தான். நான் செய்த முதல் வேலை அதை அடக்கியது. "இது ஒண்ணாங் கிளாஸ் இல்ல." சாக்பீஸை எடுத்த கையைத் தட்டிவிட்டேன். ஜூனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆகஸ்டில் அடங்கிவிட்டார்கள். கீழ் வகுப்பு டீச்சர்கள் மூட்டு தேயக் கட்டியதை இடிக்க எனக்கு இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. அதற்குத்தான் தலைமையாசிரியை என் அறையைக் கைகாட்டினார்.

எனக்குச் சாக்கு இல்லாமல் இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்லும். என் அறையில் ஐம்பதுக்கு மேல். ரிசல்ட் வந்ததும் முதன்மைக் கல்வி அலுவலர் மீட்டிங்கில் பாடவாரியாக எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். முன்னால் இருப்பவர்கள் சென்டம் வாங்கினால் பேர், பின்னால் இருப்பவர்கள் முப்பத்தைந்து எடுத்தால் போதும், கதை முடிந்தது. எனக்கும் ஒரு கடைசி பெஞ்ச் உண்டு, அந்த மீட்டிங்கில். இதெல்லாம் உண்மைதான். இதில் எதுவும் ஃபேனுக்கு விரல் நீட்டச் சொல்லவில்லை.

மலையாளத்தில் 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற படம் 2024இல் வந்தது. அதில் வரும் வகுப்பறையைப் பார்த்து, கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுற்றிப் போட்டன. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவத்தில் உட்காரவைக்கச் சுற்றறிக்கை வந்தது. கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்று சர்ச்சை கிளம்ப, சில நாளில் நிறுத்திவைத்தார்கள். என் பழைய தோழிகளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ப' போடுவதற்கு முதலில் இடம் வேண்டும், என் கூடத்தில் அது நடக்காது என்பது சரி. ஆனால் பலகை தெரியாது, கழுத்து வலிக்கும் என்று இன்றைக்குக் கவலைப்படுகிறவர்கள், நேர் வரிசையின் ஓரத்தில் இத்தனை காலம் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பியவர்களுக்காக ஏன் வாய் திறக்கவில்லை? என்னைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சர்வீஸின் கடைசி வருஷங்களில் கொஞ்சம் மாற்றினேன். பலகைக்கு மினுமினுப்பில்லாத பெயிண்ட் அடித்தோம், கைக்காசுதான், பெரிய தொகை இல்லை. ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை. திங்கள்தோறும் பெஞ்ச் வரிசை ஒன்று நகரும், மார்க்குக்கும் இடத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மார்க் எகிறியது என்று சொல்ல ஆசை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குறிப் பிழை குறைந்தது. சத்தம் கூடியது. தலைமையாசிரியை ஒருநாள் வாசலில் நின்று, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பழைய பழக்கம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பரீட்சை நெருங்கினால் "நெக்ஸ்ட்" தானாக வந்து விழும்.

இதுவரை எழுதியதெல்லாம் எழுத முடிந்தவை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்று இருக்கிறது.

என் பீரியடில் பாத்ரூமுக்கு அனுப்ப மாட்டேன். சட்டம் மாதிரி வைத்திருந்தேன். ஒருத்தியை அனுப்பினால் பத்துப் பேர் கை தூக்குவார்கள், வகுப்பு கலையும் என்பது நியாயம். பெண்கள் பள்ளி, நானும் பெண். அரசாங்கத்தின் புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின் பாக்கெட்டுகளை வகுப்பில் எண்ணிக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கியதும் நான்தான். கொடுத்ததை மாற்றிக்கொள்ள ஒரு பிள்ளை எழுந்து நின்றால், "இன்டர்வல்ல என்ன பண்ணின?" என்று எல்லார் முன்னாலும் கேட்டதும் நான்தான்.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. செருப்பைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு வந்து நின்றார். "ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க டீச்சர். பிள்ளைக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சலும் வந்துட்டு. பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்க மாட்டாளாம். தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், போக விட மாட்டாங்கன்னு சொல்லுதா. டாக்டர் நெறைய குடிக்கச் சொல்லிருக்காரு. நீங்கதான் கொஞ்சம் மனசு வைக்கணும்." என் மேல் புகார் சொல்கிறோம் என்பதே தெரியாத மாதிரி, ஏதோ சலுகை கேட்கிற குரலில் கேட்டார்.

நான் சொன்ன பதில்: "இன்டர்வல் எதுக்கு விடுறோம்? அப்ப போகச் சொல்லுங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்டர்வல் பத்து நிமிஷம். பள்ளியில் அறுநூறு பிள்ளைகள். தாழ்ப்பாள் போட முடிந்த கழிப்பறைகள் நான்கு. பத்து நிமிஷம் என்றால் அறுநூறு விநாடி, நான்கு கதவுக்கு 2400 விநாடி, அறுநூறால் வகுத்தால் ஒருத்திக்கு நான்கு விநாடி. பாதிப் பேர்தான் போகிறார்கள் என்றால் எட்டு. ஆறாம் வகுப்புக் கணக்கு. வருஷா வருஷம் தொட்டியும் குழாயும் வைத்து இதைவிடக் கடினமானதையெல்லாம் நடத்திய நான் இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அரசாங்கமே 2025இல் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கச் சொன்னது. செய்தியைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி, குடித்த பிறகு எங்கே போவார்கள் என்பதுதான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அந்த வருஷம், வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்து ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன். போக வேண்டியவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து மாட்ட வேண்டும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. முதல் வாரம் அட்டை ஆணியில் தங்கவே இல்லை. அப்புறம் தங்கியது. ஒன்றிரண்டு பேர் வெளியே சுற்றிவிட்டு வந்தார்கள், அது எனக்குத் தெரியும். வகுப்பு கலையவில்லை.

ஆனால் அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் போனது அதே நான்கு கதவுக்குத்தான். டீச்சர்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. டைல்ஸ் போட்டது, வாளி நிறையத் தண்ணீர், கொக்கியில் துண்டு. பூட்டி வைத்திருப்போம், ஆளுக்கொரு சாவி. ஸ்டாஃப் மீட்டிங்கில், அவசரத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையாவது அங்கே விடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "அப்புறம் நாம எங்க போறது?" என்றார் ஒருவர். பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. அடுத்த மீட்டிங்கில் யாரும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் சாவியை மட்டுமாவது அந்த அட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கலாம். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று மாட்டவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.